அரைத் தலைக்கட்டு

பனையடிப்பட்டி ஜனங்களுக்கு அய்யனாரிடம் பயம் உண்டு. ஆனால் அவருக்குக் குதிரை செய்து கொடுப்பதில் அந்தப் பயத்தைவிடப் பெரிய சலிப்பும் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வேளார் சுட்டுத் தரும் மண்குதிரை கண்மாய்க் கரையில் ஏறும். முதல் ஐப்பசியில் காது போகும், அடுத்ததில் கால் போகும். ஒரு குதிரை குப்புறக் கிடக்கும்போதே அடுத்த குதிரைக்கு வரி போட ஊர் கூடியாக வேண்டும். கூடுகிற ஊர் சும்மா கூடுமா? பழைய சண்டைகளையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டுதான் வரும்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் நாட்டாமை தங்கச்சாமி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"மூணு வருசத்துக்கு ஒருக்க அடுப்பு எண்ணி, மூணு வருசத்துக்கு ஒருக்க அடிச்சிக்கிட்டுச் சாகணுமா? பெருசா ஒரே வரியாப் போடுவோம். செங்கலும் சுண்ணாம்பும் வச்சுக் குதிரையக் கட்டிப்புடுவோம். இருபது வருசத்துக்கு நம்ம மக்கமாரு வரிங்கற பேச்சையே கேக்கக் கூடாது."

ஊர் ஒத்துக்கொண்டது. அடுப்பு எண்ணுவது அந்த ஊரின் வழக்கம். குதிரை செய்கிற வருஷம், சாயங்காலம் உலை வைக்கிற நேரத்தில், ஊர்ப் பணியாளர் மாரிசாமி தெருத்தெருவாகப் போய் எத்தனை கூரையில் புகை வருகிறது என்று எண்ணுவார். ஒரு புகைக்கு ஒரு தலைக்கட்டு, ஒரு வரி. ஆம்பிளை இல்லாமல் தனியாக உலை வைக்கிற பொம்பளை என்றால் அரைத் தலைக்கட்டு, பாதி வரி. இப்படி எண்ணிய கணக்குத்தான் அடுத்த குதிரை வரைக்கும் ஊருக்குச் சட்டம். கண்மாய்த் தண்ணீர் முறை வைத்துப் பாய்வதும் அந்தக் கணக்குப்படிதான். கணக்கில் பேர் இல்லாதவன் வயலுக்குப் போகிற மடையில் மண்வெட்டி வைக்க முடியாது.

குதிரையைக் கட்ட ஆள் தேடி எங்கும் அலையவில்லை. உள்ளூரிலேயே சத்தியநேசன் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோவில் முகப்பில் சுண்ணாம்பில் புறா பறக்கவிட்டவர் அவர்தான். ராஜபாளையத்துச் சாவடித் தூண்களில் இருக்கும் கிளியும் கொடியும் அவர் கைவேலை. ஊரில் இருந்த ஒரே வேதக்கார வீடு, ஒரே கிறிஸ்தவ வீடு, அவருடையது. தலைமுறையாக வானம் பார்த்த கரிசல் துண்டு ஒன்றை மட்டும் வைத்திருந்ததால் கண்மாய்த் தண்ணீரும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை, குதிரை வரியும் அவரை யாரும் கேட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் கண்மாய்க்குக் கீழே நாற்பது சென்ட் நஞ்சை வாங்கினார். மகள் கிருபைக்குச் சீதனமாகக் கொடுக்க. இதுவரை விற்றவர் பேரிலேயே தண்ணீர் பாய்ந்தது, புதுக் கணக்கில்தான் இவர் பேர் ஏற வேண்டும்.

கிருபைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வில்சன், ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நல்ல பையன். சம்பளம் கொஞ்சம்தான். "நாப்பது சென்ட் நஞ்சை இருந்தாச் சோத்துக்குக் கவலையில்ல" என்று மாப்பிள்ளையின் அப்பா அந்த வயலை இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை மாற்றினார்.

குதிரை வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன் சத்தியநேசன் பாதிரியாரிடம் போய்க் கேட்டார். பாதிரியார் யோசித்துவிட்டு ஒரு கோடு கிழித்துக் கொடுத்தார். கொத்தன் கூலிக்கு எந்தச் சுவரையும் கட்டலாம். குதிரை சாமி இல்லை, சாமியின் வாகனம். அதுவும் கூலிக்குச் செய்தால் தொழில். ஆனால் அந்தக் குதிரைக்காக ஒரு தம்பிடி கொடுத்தாலும் அது காணிக்கை. கொடுத்தவன் சபைக்கு வெளியே. வாங்கலாம், கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கோடு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் நஞ்சை வைத்திருப்பவன் வரி கொடுத்தாக வேண்டுமே! சத்தியநேசன் கரையில் வைத்து நாட்டாமையிடம் விஷயத்தைச் சொன்னார். தங்கச்சாமி சிரித்துவிட்டார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்கீரு கொத்தனாரே? நீரு குடுக்க வேண்டாம். ஒம்ம கூலியில நாங்க கழிச்சுக்கிடுதோம். கையில வாங்காத காச எப்படிவே குடுத்ததாகும்?"

சத்தியநேசனுக்கும் அது சரியாகப் பட்டது. சரியாகப் பட்டது என்ன, தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்றைக்கு இரண்டு அகப்பை சோளச்சோறு கூடவே சாப்பிட்டார். மனுஷன் மாட்டிக்கொள்கிற கண்ணியை இப்படித்தான் தானே சிரித்துக்கொண்டு முடிகிறான்.

ஆவணி முழுக்க வேலை. ஆலங்குளம் பக்கத்துக் கல்லைச் சுட்ட சுண்ணாம்பு வண்டியில் வந்து இறங்கியது. குழியில் தண்ணீர் விட்டு நீற்றிப் பதினைந்து நாள் புளிக்க வைத்தார். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டுச் செக்கில் ஆட்டினார்கள். கரை முழுக்க ஒரு புளித்த இனிப்பு வாசனை. கட்டெறும்புகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போயின. செங்கல் உடம்பு எழும்பியது. பதினோரு முழ உயரம். மலைப்பக்கமிருந்து வந்த காற்று சாரத்தை ஆட்டும்போதெல்லாம் சத்தியநேசன் வலது கையால் குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொல்லி, உடனே "கர்த்தாவே மன்னியும்" என்பார்.

மேல்பூச்சுக்கு வேண்டிய சுண்ணாம்பு செக்கில் அரைபட்டால் போதாது, அம்மியில் அரைபட வேண்டும். அது ரோசம்மாள் வேலை. கணவனோடு இருபத்து மூன்று வருஷம் சுண்ணாம்பு அரைத்தவள். விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் காந்துது" என்றால் திரும்ப அரைக்க வேண்டியதுதான். வெண்ணெய் மாதிரி ஆனபிறகு முட்டை வெள்ளைக்கருவை விட்டுக் குழைத்துக் கொடுப்பாள். பூசியதைக் கூழாங்கல்லால் தேய்த்து மினுக்குவதும் அவள்தான். குதிரையின் கழுத்தில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. அவளுக்கு நாட்டாமை தனிக் கூலி பேசியிருந்தார். அதை அவள் தொடாமல் ஊர்ப் பெட்டியிலேயே விட்டு வைத்திருந்தாள், கல்யாணச் சேலைக்கு.

"இந்தக் கழுத்துல வெடிப்பு வரணும்னா நானும் நீங்களும் செத்துப் பத்து வருசம் ஆகணும்" என்றாள் ஒருநாள். சத்தியநேசன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்.

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு வேதக்கோவிலில் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். சத்தியநேசன் மகள் கிருபைக்கும் இன்னார் மகன் வில்சனுக்கும் விவாகம். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். இப்படி மூன்று ஞாயிறு வாசித்தபிறகுதான் தாலி. வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். மறுநாள் கரைக்குப் போனபோது நாட்டாமை குதிரை நிற்கும் பீடத்தைத் தட்டிக் காட்டினார்.

"குதிரை முடிஞ்சிட்டு. அடுத்த வாரம் வெள்ளிக்குள்ள அடுப்பு எண்ணி, வரி குடுத்தவன் பேரையெல்லாம் இதுல எழுதிரணும் கொத்தனாரே. ஈரச் சுண்ணாம்புல கீறிவிட்டா இருபது வருசம் நிக்கும். ஊருல எழுதத் தெரிஞ்ச கொத்தன் நீருதான்."

"எழுதிருவோம்" என்றார் சத்தியநேசன். பிறகுதான் உறைத்தது. "என் பேரு வேண்டாம் மொதலாளி."

"ஏன்வே?"

"நான் குடுக்கலல்ல. நீங்கதான கழிச்சிய?"

"கழிச்சா வரவு வந்துட்டுல்லா. வரவு வந்தவன் பேரு இருக்கணும். நாளைக்கு நான் செத்துப் போயிருவேன். பங்குனி மாசம் மடையில ஒருத்தன் வந்து, 'ஒம்ம பேரு கல்லுல எங்க இருக்கு'ன்னு கேட்டா என்ன சொல்லுவீரு? எம்புட்டுப் பேரு வாய்க்கால்ல மண்டைய ஒடச்சிருக்கான்னு ஒமக்குத் தெரியாதா?"

"நம்ம பாதிரியாரு வாசிச்சாருன்னா..."

"வாசிக்கட்டும். பேரு இருந்தாத் தண்ணி. இல்லன்னா இல்ல. நான் ஒமக்குன்னு தனியா ஒரு கண்மாய் வெட்ட முடியுமா?"

தங்கச்சாமி கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் இதில் பெரிய கஷ்டம். கெட்டவன் என்றால் திட்டிவிட்டாவது வரலாம்.

அந்த வாரம் சத்தியநேசன் வீட்டில் உலை கொதித்ததே தவிர யாருக்கும் சோறு இறங்கவில்லை. வயலை விற்றுவிடலாமா என்றார். தண்ணீர்க் கணக்கில் ஏறாத வயலை யார் வாங்குவார்கள்? பெயரைச் சின்னதாகக் குதிரையின் பின்பக்கம் எழுதலாமா என்றார். "எழுத்துச் சின்னதாயிட்டாப் பாவமும் சின்னதாயிருமாக்கும்" என்றாள் ரோசம்மாள். மாப்பிள்ளை வீட்டில் வயல் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று அவர் கேட்டபோது உள்ளே பருத்தி பிரித்துக்கொண்டிருந்த கிருபையின் கை நின்றுபோனது. அதற்குப்பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் உபதேசியார் ஜேசுதாசன் சைக்கிளில் வந்தார். ரோசம்மாளின் தம்பி. மிஷனில் ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்துவதும் சபையாரின் நடத்தையைப் பாதிரியாருக்குச் சொல்வதும் அவர் உத்தியோகம். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அதனால் சொந்தக்காரர்கள் யாரும் அவரிடம் ரகசியம் பேசுவதில்லை. மொச்சைக் குழம்பைப் பிசைந்துகொண்டே அவராகவே ஆரம்பித்தார்.

"அத்தான், பீடத்துல பேரு எழுதப் போறாவளாமே. பாதிரியாரு காதுக்குப் போயிட்டு. சனிக்கிழம வந்து பாத்துட்டு வரச் சொல்லியிருக்காவ என்னைய."

"பாத்து?"

"ஒங்க பேரு இருந்தா மூணாவது ஓலை வாசிக்க மாட்டாவ. நீங்க சபைக்கு வெளிய. வெளிய இருக்கவரு மகள மிஷன் வாத்தியாரு கட்டுனா அவருக்கு வேல போயிரும். நான் என்ன செய்யட்டும் அத்தான்? கண்ண மூடிக்கிட்டு வந்தேன்னு சொல்லவா?"

சத்தியநேசன் தலையைக் குனிந்து இலையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். குழம்பு ஊற்ற வந்த ரோசம்மாள் நின்றாள்.

"ஏலே தம்பி, அத்தான் குடுக்காம நான் குடுத்தா?"

"என்னக்கா கேக்குற?"

"கேட்டதுக்குச் சொல்லு. சபைப் புஸ்தகத்துல குடும்பம்னு யாரு பேரு இருக்கு?"

"அத்தான் பேருதான். ஆம்பிளை பேரு."

"பொம்பளை தப்புப் பண்ணுனா?"

"அவளுக்கு மட்டும் தண்டனை. ராப்போஜன அப்பம் கெடையாது, உள்ள வந்து ஒக்கார முடியாது. குடும்பத்தத் தொடாது." ஜேசுதாசன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஆனா நீ எப்படிக்கா குடுப்ப? ஊர்க்கணக்குலயும் ஆம்பிளை பேருதான?"

"ஊர்க்கணக்குல அரைத் தலைக்கட்டு இருக்குல்லா" என்றாள் ரோசம்மாள். தம்பி இலையில் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

தம்பி போனபிறகு மாட்டுத் தொழுவத்தைக் கூட்டினாள். மிஞ்சிக் கிடந்த செங்கலில் மூன்றை எடுத்து வந்து மூலையில் முக்கோணமாக வைத்தாள். சத்தியநேசன் வாசலில் நின்று பார்த்தார்.

"என்னட்டி செய்யுத?"

"அடுப்பு."

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? தாலி அறுத்தவளும் புருசன் விட்டவளும் இருக்க எடத்துல நீ போயி..."

"வேற வழி இருந்தாச் சொல்லுங்க. நான் இந்தச் செங்கல எடுத்துருதேன்."

அவர், கட்டின பெண்டாட்டியைப் பார்த்து அழுவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, குழைந்து கிடந்த சுண்ணாம்பைக் கிளறுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டார்.

அவள் மூன்றாவது செங்கலை நகர்த்திச் சரியாக வைத்தாள். குதிரை நிற்கும் நாள் வரைக்கும் என்பது அவருக்கே தெரியும்.

வியாழன் சாயங்காலம் மாரிசாமி புகை எண்ண வந்தார். சத்தியநேசன் வீட்டுக் கூரையில் ஒரு புகை. கிருபை உலை வைத்திருந்தாள். எண்ணிவிட்டு நகரப் போனவர் தொழுவத்திலிருந்து இன்னொரு புகை வருவதைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ரோசம்மாள் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து.

"என்ன தாயி, மாட்டுக்குப் பருத்திக்கொட்ட வேக வைக்கியா?"

"இல்லண்ணே. எனக்குச் சோறு."

மாரிசாமி கொஞ்ச நேரம் அடுப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த நூலில் முழு முடிச்சு ஒன்றும் அதை அடுத்து அரை முடிச்சு ஒன்றும் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கரையில் ஊர் கூடியது. நாட்டாமைக்கு விஷயம் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"இந்தா பாரு ரோசம்மா. ஊரு கேக்கும், நான் சொல்லியாகணும். அரைத் தலைக்கட்டுன்னா சும்மா பேருக்கு இல்ல. உலை வேற, சோறு வேற, படுக்க வேற. ஒன் தொழுவத்துல அவரு ஒக்காந்து ஒருவாய்த் தண்ணி குடிச்சாலும் ரெண்டு அடுப்பும் ஒண்ணாயிரும். ஒண்ணாயிட்டா அவரு பேரக் கல்லுல ஏத்த வேண்டியதுதான். ஒங்களுக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு ஊருல அம்புட்டுப் பேரும் அரைவரிக்கு அடுப்புப் பிரிப்பான். தெரியும்லா?"

"தெரியும்."

"வரி?"

"சுண்ணாம்பு அரைச்ச கூலி ஒங்க பெட்டியிலதான் இருக்கு. அதுல எடுத்துக்கோங்க. அவியகிட்டக் கழிச்சத அவியளுக்கே குடுத்துருங்க. தண்ணி முறை என் பேருல வரட்டும். அவியளுக்குத் தண்ணியும் வேண்டாம், வரியும் வேண்டாம்."

தங்கச்சாமி சத்தியநேசன் பக்கம் திரும்பினார். "கொத்தனாரே, வழக்கப்படி ஒம்ம வாயாலயும் சொல்லணும். இவ ஒம்ம அடுப்பு இல்லன்னு."

கரையில் அறுபது பேர் இருந்தார்கள். கண்மாயில் தண்ணீர் முழங்கால் அளவு கிடந்தது, கொக்கு ஒன்று நின்றுகொண்டிருந்தது. சத்தியநேசன் கொக்கைப் பார்த்துக்கொண்டு, "இல்ல" என்றார். குரல் யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்வே."

"இவ என் அடுப்பு இல்ல."

அரைத் தலைக்கட்டுக்காரிகளில் மூத்தவளான மாடத்தி, இருபது வருஷமாகத் தனியாக உலை வைக்கிறவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "புருசன் உசுரோட கெடக்கையில எங்க வரிசைக்கு வாராளே பாவி" என்றாள், கோபமாகத்தான். ஆனால் ரோசம்மாளுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அன்று மத்தியானம் வரை சத்தியநேசன் எழுதினார். பீடத்தில் ஈரச் சுண்ணாம்பைப் பூசி, மட்டம் பார்த்து, ஆணியால் கீறினார். முழுத் தலைக்கட்டு ஐம்பத்திரண்டு பேர். ஒவ்வொருவரும் தங்கள் பேர் வரும்போது பக்கத்தில் வந்து நின்று, வாசிக்கத் தெரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'அரை' என்று எழுதி, மாடத்தி, பிறகு இன்னும் மூன்று பேர். ஐந்தாவது பேருக்குச் சுண்ணாம்பு காயத் தொடங்கியிருந்தது.

"தண்ணி தெளிச்சுக்கோங்க. எழுத்துப் பிசிறடிக்கும்" என்றாள் ரோசம்மாள், தூரத்தில் நின்றபடி.

அவர் தண்ணீர் தெளித்தார். 'ரோசம்மாள்' என்று எழுதினார். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் பெயரை அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. ரகரத்தின் கால் கொஞ்சம் கோணியது. மற்ற எழுத்துகள் நன்றாகவே வந்தன.

சனிக்கிழமை ஜேசுதாசன் வந்து பீடத்தை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசித்தார். கோட்டுக்குக் கீழே வந்ததும் விரல் நின்றது. அக்காவைப் பார்க்காமலேயே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு பாதிரியார் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், சத்தியநேசன் குதிரைக்குக் கொடுத்தாரா என்று. "இல்லைங்கய்யா" என்றார் சத்தியநேசன். அது சத்தியம். பெண்கள் பக்கத்தில் ரோசம்மாள் தானாகவே எழுந்து நின்றாள்.

"நான் குடுத்தேன். புருசன்கிட்டக் கேட்டுக் குடுக்கல. அடுப்பும் பிரிச்சாச்சு."

கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் கோட்டைக் கிழித்தவரே எப்படி அழிப்பார்? அந்தப் பீடத்தில் அவள் பெயர் இருக்கும் நாள் வரை அவள் சபைக்கு வெளியே என்றார். ரோசம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் வாசலைத் தாண்டும்போது உள்ளே மூன்றாவது ஓலையை வாசித்தார்கள். யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை.

கல்யாணம் ஐப்பசி முதல் வாரம் நடந்தது. ரோசம்மாள் வெளியே பூவரச மரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளிச்சம் எதிராக இருந்ததால் மகளின் முக்காடுதான் தெரிந்தது. கிருபை வெளியே வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதபோது, "சேலையில மண்ணு ஒட்டுது, எந்திரி" என்று மட்டும் சொன்னாள். நாற்பது சென்ட் நஞ்சைக்குத் தண்ணீர் முறைப்படி பாய்ந்தது. மாரிசாமி மடையில் நின்று, "அரைத் தலைக்கட்டு ரோசம்மா!" என்று கூப்பிடுவார். அவள்தான் மண்வெட்டியோடு போக வேண்டும்.

கிருபை போனபிறகு சத்தியநேசன் தானே பொங்கித் தின்றார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தொழுவத்தில் அவள் பொங்கித் தின்றாள். நடுவில் அம்மி கிடந்தது. துவையல் அரைக்க அவரும் அதற்குத்தான் வர வேண்டும், அவளும் அதற்குத்தான் வர வேண்டும். ஒருவர் அரைத்துவிட்டுப் போனபிறகுதான் மற்றவர் வருவார். அவர் அரைக்கும் உப்பு எப்போதும் கூடிப்போகும். அம்மியைக் கழுவும்போது அது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லப் போனாலும் தெருவில் ஒரு காது இருக்கும்.

ஐப்பசி பத்தாம் தேதிக்கு மேல் மழை பிடித்தது. மலை தெரியாமல் மூன்று நாள் கொட்டியது. கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தது. நாலாம் நாள் காலையில் தூறல் விடுவதற்குள் சத்தியநேசன் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைக்குப் போனார். ஊரே அங்கேதான் நின்றது.

"ஒரு சொட்டு எறங்கலவே!" என்று நாட்டாமை குதிரையின் வயிற்றைத் தட்டினார். "மண்ணுக் குதிரையா இருந்தா இன்னைக்குக் காதப் பொறக்கிக்கிட்டுல்லா நிப்போம். இருபது என்ன, முப்பது வருசம் நிக்கும். கை இல்லவே அது ஒமக்கு, வரம்!"

சத்தியநேசன் சாக்கை உதறி மடித்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். பிறகு முன்னங்கால் மூட்டில், காது அடியில், வால் ஒட்டும் இடத்தில், வெடிப்பு விழக்கூடிய இடம் ஒவ்வொன்றாக, கொத்தனுக்கு மட்டுமே தெரிந்த இடம் ஒவ்வொன்றாக, கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்த்தார். கடைசியாகப் பீடத்தின் மேல் ஏறிக் கழுத்தைத் தடவினார். ரோசம்மாள் கூழாங்கல்லால் தேய்த்த கழுத்து. ஒரு மயிரிழை வெடிப்புகூட இல்லை. விரல் வழுக்கிக்கொண்டு போனது.